‘வளர்த்த பவளம்தான்’ என்றால் என்ன அர்த்தம்?

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களில் பலர், மீன் வாங்கும்போது கேட்காத ஒரு கேள்வியைப் பவளம் வாங்கும்போது மறக்காமல் கேட்கிறார்கள். "இது கடலிலிருந்து எடுத்ததா, வளர்த்ததா?" "வளர்த்ததுதான்" என்று பதில் வந்ததும் மனசு லேசாகிவிடும். வாங்கிக்கொண்டு வந்துவிடுவோம். நானும் பல வருஷம் அதோடு நிறுத்திக்கொண்டவன்தான். அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு வேலைகள் அடங்கியிருக்கின்றன, அதில் ஒன்றுக்கும் கடலில் உடைத்து எடுப்பதற்கும் அதிக வித்தியாசம் இல்லை என்பதெல்லாம் பிறகுதான் புரிந்தது.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. கடலிலிருந்து எடுத்த பவளம் என்றாலே அதை வைத்திருப்பவரைக் குற்றவாளி மாதிரி பார்க்கிறவர்கள் உண்டு. அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் எந்தப் பவளம், யார் எடுத்தது, எடுத்த இடத்தில் அது திரும்ப வளர எத்தனை காலம் ஆகும் என்று எதையும் கேட்காமல் வரும் கோபமாகப் பெரும்பாலும் அது இருந்துவிடுகிறது.

இந்த இரண்டு பக்கமும் நழுவவிடுவது ஒன்றைத்தான்: நீங்கள் வாங்கும் துண்டுக்குப் பதிலாகக் கடலில் இன்னொரு துண்டு உடைபடுமா, படாதா? இதற்குப் பதில் தெரிய வேண்டுமென்றால் பவளம் எப்படி வளர்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். உயிரியல் படித்திருக்க வேண்டியதில்லை.

அடுக்குமாடியும் தனி வீடும்

பவளம் என்றதும் பலருக்கு மோதிரத்தில் பதிக்கும் சிவப்புக் கல் ஞாபகம் வரும். அது வேறு வகை, வேறு வியாபாரம். இங்கே அதை விட்டுவிடுவோம். தொட்டியில் வைக்கும் பவளம் உயிரோடு இருக்கும் விலங்கு. ஜெல்லிமீனுக்கும் கடல் சாமந்திக்கும் சொந்தக்காரன்.

ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே ஒரு ஆள். அந்த ஆள்தான் பாலிப்: ஒரு சின்னப் பை மாதிரி உடம்பு, மேலே ஒரு வாய், வாயைச் சுற்றி உணர்கொம்புகள். அவ்வளவுதான் அதன் உடலமைப்பு. கல் பவளங்களில் ஒவ்வொரு பாலிப்பும் கடல்நீரில் கரைந்திருக்கும் கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துத் தன் அடியில் சுண்ணாம்புச் சுவர் கட்டிக்கொண்டே போகும். பக்கத்துப் பக்கத்து வீடுகளுக்கு நடுவே மெல்லிய சதை இணைப்பு இருப்பதால், ஒருவருக்குக் கிடைத்த சாப்பாட்டில் அடுத்தவருக்கும் பங்கு போகும். இப்படி இணைந்து வாழும் பாலிப்களின் மொத்தக் கட்டடத்துக்குப் பெயர் காலனி.

இந்த ஆட்களுக்கு உள்ளேயே சமையல்காரரும் குடியிருக்கிறார். பவளத்தின் சதைக்குள் சூசாந்தெல்லே என்ற நுண்பாசிகள் வாழ்கின்றன. வெளிச்சத்தில் உணவு தயாரித்து அதில் பெரும்பகுதியைப் பவளத்துக்குக் கொடுத்துவிடுகின்றன. தண்ணீர் வழக்கத்தைவிடச் சூடாகி அது நாள்கணக்கில் நீடித்தால் இந்தக் கூட்டு முறிந்து பாசி வெளியேறிவிடும். அப்போது கண்ணாடி மாதிரியான சதை வழியாக வெள்ளை எலும்புக்கூடு தெரியும். செய்திகளில் வரும் ‘பவளம் வெளிறுதல்’ இதுதான்.

இனி முக்கியமான விஷயம். அடுக்குமாடியில் குடியிருக்கும் எல்லோரும் ஒரே ஆளின் நகல்கள். எங்கிருந்தோ மிதந்து வந்த ஒரு லார்வா பாறையில் ஒட்டிக்கொண்டு முதல் பாலிப் ஆகிறது, அது இரண்டாகப் பிரிகிறது, அல்லது பக்கத்தில் ஒரு மொட்டு விடுகிறது, அப்படியே பெருகுகிறது. வாழையடி வாழை என்று சொல்வோமே, அச்சு அசல் அதுதான்.

ஆனால் எல்லாப் பவளமும் அடுக்குமாடி கட்டுவதில்லை. சில பவளங்கள் தனி வீடு. ஸ்கோலிமியா என்ற பெயரில் விற்கப்படும் பவளத்தைப் பார்த்திருப்பீர்கள்: உள்ளங்கை அளவு தட்டு, சிவப்பும் பச்சையும் கோடுகோடாக ஓடும், நடுவில் பெரும்பாலும் ஒரே ஒரு வாய். முழுத் தட்டும் ஒரே பாலிப். இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நியாய அநியாயம் பேசும்போது இதுதான் கைகொடுக்கும்.

போத்து ஒடித்து நடுவது

முருங்கையை விதை போட்டும் வளர்க்கலாம், போத்து ஒடித்து நட்டும் வளர்க்கலாம். அடுக்குமாடிப் பவளமும் அப்படித்தான். ஒரு கிளையை ஒடித்துப் பாறையில் ஒட்டவைத்தால் வெட்டுப்பட்ட இடம் ஆறி, சதை மெதுவாகப் பாறைமேல் படர்ந்து, புதுக் காலனி கிளம்பும். கடலிலும் புயலில் உடைந்த கிளைகள் விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டு வளர்வது சகஜம். மனிதர்கள் இதைத் திட்டமிட்டுச் செய்யும்போது அந்தத் துண்டுக்கு ஃபிராக் என்று பெயர். எதிலிருந்து வெட்டினோமோ அது தாய்க் காலனி. ஃபிராக்கை ஒட்டிவைக்கும் ஆணி வடிவச் சின்னப் பீங்கான் அல்லது சிமெண்ட் துண்டுக்குப் பெயர் பிளக்.

நேரில் பார்த்தால் நம்பிக்கை வரும் என்பதால் ஒன்று சொல்கிறேன். காளான் வடிவில் இருக்கும் சார்க்கோஃபைட்டான் என்ற தோல் பவளத்தின் குடையைக் கூரான பிளேடால் ஒரே இழுப்பில் அறுத்து எடுத்தேன். அதற்குள் கல் எலும்புக்கூடு கிடையாது, நுங்கை வெட்டுகிற மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. வெட்டிய குடை சுருங்கி, நிறம் மங்கி, வழவழவென்று சளி விட்டது. மீதியிருந்த தண்டு மொட்டையாக, செத்தது போலவே நின்றது. மூன்றாவது வாரம் தண்டின் உச்சி லேசாக உப்பி வட்டமாகத் திரண்டது. அப்புறம் அதிலிருந்து ஒவ்வொன்றாகப் பாலிப்கள் எட்டிப் பார்த்தன. அறுத்த குடையிலிருந்து நான்கு துண்டுகள் வந்தன, நான்கும் இப்போது நான்கு பேர் தொட்டியில் இருக்கின்றன. அந்த நான்கு பேரும் இந்த வகைக்காகக் கடலைத் தேடிப் போகவில்லை.

(சோவாந்திட், பாலிதோவா என்ற, கல் எலும்புக்கூடு இல்லாத வகைகளை வெட்டுகிறவர்கள் கவனம்: சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடுமையான நஞ்சு உண்டு. கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் தொட வேண்டாம், சுடுதண்ணீரில் போட்டுக் கழுவவும் வேண்டாம்.)

விதை போட்டு வளர்ப்பதற்கு ஒப்பானது பவளத்தில் முட்டையிடுதல். பல வகைகள் ஆண்டுக்கு ஒருமுறை, முழுநிலவை ஒட்டிய சில இரவுகளில், முட்டையையும் விந்தையும் ஒரே நேரத்தில் தண்ணீரில் விடும். மூடிய தொட்டிக்குள் இதைத் திட்டமிட்டு வரவழைப்பது வெகு காலம் முடியாத காரியமாக இருந்தது. லண்டனில் இருக்கும் ஹார்னிமன் அருங்காட்சியகத்தின் குழு, கடலின் வெப்பநிலை மாற்றம், பகல் நீளம், நிலவொளி எல்லாவற்றையும் தொட்டியில் அப்படியே நடத்திக்காட்டி அக்ரோபோரா என்ற கிளைப் பவளங்களை முட்டையிட வைத்தது. 2017ல் அந்த முறையை ஆய்விதழில் வெளியிட்டது. பெரிய சாதனை. ஆனால் இன்றைக்கு விற்பனைக்கு வரும் பவளங்களில் மிகப் பெரும்பாலானவை போத்துதான், விதையில் வந்தவை இல்லை. அதனால் ‘தொட்டியில் இனப்பெருக்கம் செய்த பவளம்’ என்று யாராவது சொன்னால் அநேகமாக வெட்டி வளர்த்ததைத்தான் சொல்கிறார். அது தப்பும் இல்லை, ஆனால் இரண்டும் ஒன்று இல்லை.

இதுவரை பார்த்தது: பவளம் ஒரு விலங்கு, பல பவளங்கள் நகல்களாலான காலனி, காலனியில் ஒரு துண்டை வெட்டி இன்னொரு காலனி வளர்க்கலாம், ஒரே பாலிப்பான தனி வீட்டுப் பவளத்தில் இது எளிதில் நடக்காது.

‘வளர்த்தது’ என்ற சொல்லின் மூன்று முகம்

முதலாவது, தொட்டியிலேயே வெட்டித் தொட்டியிலேயே வளர்ந்தது. தாய்க் காலனியும் தொட்டியில் இருக்கிறது, அதன் தாயும் தொட்டியில் இருந்தது. எங்கோ பத்து, இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு துண்டு கடலிலிருந்து வந்திருக்கும்; அதற்கப்புறம் கடலுக்குத் திரும்பிப் போக அவசியம் வரவில்லை. செனியா, காளான் பவளம், சோவாந்திட், மான்டிபோரா, ஸ்டைலோஃபோரா, பல அக்ரோபோரா வகைகள் எல்லாம் இந்த வழியில் தாராளமாகக் கிடைக்கின்றன.

இரண்டாவது, கடலிலேயே பண்ணை போட்டு வளர்த்தது. இதை மாரிகல்ச்சர் என்பார்கள். ஆழம் குறைந்த இடத்தில் மேசை மாதிரி கம்பிச் சட்டம் வைத்து, சின்னச் சின்ன சிமெண்ட் வில்லைகளில் பவளத் துண்டுகளைக் கட்டி அல்லது ஒட்டி, சில மாதம் வளரவிட்டு எடுப்பார்கள். இந்தோனேசியாவில் இது பெரிய அளவில் நடக்கிறது. சாலமன் தீவுகளில் கிராமத்து ஆட்கள் சிறு அளவில் செய்துவந்திருக்கிறார்கள். இங்கேதான் கேள்வி நுட்பமாகிறது. அந்தத் துண்டுகள் எங்கிருந்து வெட்டப்பட்டன? பண்ணையிலேயே வைத்திருக்கும் தாய்க் காலனிகளிலிருந்து என்றால், தொட்டியில் வளர்த்ததற்கு ஏறக்குறைய சமம். ஒவ்வொரு தடவையும் இயற்கையான பாறைக்குப் போய்ப் புதுக் காலனியை வெட்டிக்கொண்டு வந்தால், அது கடலிலிருந்து எடுப்பதுதான். நடுவில் சில மாதம் வில்லையில் உட்கார்ந்திருந்தது, அவ்வளவே.

மூன்றாவதுதான் என்னை ரொம்ப நாள் தூங்கவிடாமல் செய்தது. கடலிலிருந்து உடைத்த காலனி விமானத்தில் வந்து இறங்குகிறது. வந்த வாரமே அதைப் பத்து இருபது துண்டாக வெட்டி, பிளக்கில் பசை வைத்து ஒட்டி, விளக்கடியில் வைத்துவிடுகிறார்கள். பிளக்கில் இருப்பதால் பார்க்க வளர்த்தது மாதிரியே இருக்கும். வாங்குகிறவரும் அப்படியே நம்புகிறார். துண்டுகள் விற்றுத் தீர்ந்ததும் தாய் என்று எதுவும் மிச்சம் இருக்காது, அடுத்த பெட்டிக்கு ஆர்டர் போக வேண்டும். வெட்டியதும் பசை போட்டதும் மட்டுமே ஒரு பவளத்தை வளர்த்த பவளமாக்கிவிடாது.

இந்த மூன்றுக்கும் ஒரே சொல் புழங்குவதால்தான் விவாதம் எப்போதும் குழம்பிப்போகிறது. ‘வளர்த்தது’ என்பது அது கடைசியாக எங்கே இருந்தது என்று மட்டும் சொல்கிறது. கடலிலிருந்து எத்தனை தலைமுறை தள்ளி வந்திருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. கேட்க வேண்டியது அந்தத் தலைமுறைக் கணக்கை.

கடலில் எடுப்பதால் கேடு எங்கே வருகிறது

எல்லாப் பவளமும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. கிளைவிடும் அக்ரோபோரா, நல்ல சூழலில், ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டருக்கு மேல்கூட நீளும். உருண்டையாக வளரும் பெரிய போரைட்டிஸ் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான். அதனால் ‘ஒரு கைப்பிடி பவளம்’ என்பது ஒன்றில் சில மாத வளர்ச்சி, இன்னொன்றில் பல வருஷ வாழ்க்கை. எடையிலோ எண்ணிக்கையிலோ கணக்குப் பார்த்தால் இது தெரியாது.

அடுத்தது தனி வீட்டுப் பவளங்கள். அடுக்குமாடியிலிருந்து ஒரு வீட்டைப் பெயர்த்தாலும் கட்டடம் நிற்கும். தனி வீட்டைப் பெயர்த்தால் அங்கே எதுவும் இல்லை. ஸ்கோலிமியா, சைனரினா போன்றவை அநேகமாக முழுசாகக் கடலிலிருந்துதான் வருகின்றன. மணலில் தளர்வாக உட்கார்ந்திருக்கும் ட்ராக்கிபில்லியா, கட்டலாஃபில்லியா இரண்டையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். விசித்திரம் என்னவென்றால், இவற்றை எடுப்பதைப் பார்த்தால் மனசுக்கு உறுத்தாது. கடப்பாரை இல்லை, உளி இல்லை, எதுவும் உடையவில்லை, முக்குளிப்பவர் குனிந்து கையால் எடுத்துக் கூடையில் போடுகிறார். ஆனால் அங்கே முட்டையிட்டிருக்கக்கூடிய ஒரு முழு உயிர் போய்விட்டது. நிறம் அழகாக இருப்பதைத் தேடித்தேடி எடுப்பதால் ஓர் இடத்தின் மிக அரிய நிறங்கள்தான் முதலில் காலியாகும்.

மூன்றாவது, பயணம். எடுப்பவர், இடைத்தரகர், ஏற்றுமதியாளர், விமானம், இறக்குமதியாளர், மொத்த வியாபாரி, கடை, நாம். ஒவ்வொரு கை மாறும்போதும் வெப்பம், உப்பு, வெளிச்சம் எல்லாம் மாறுகிறது. வழியில் செத்ததை யாரும் நமக்குக் காட்டப்போவதில்லை. கண்ணாடிக்குள் இருப்பது பிழைத்தது மட்டும்.

பிழைத்து வந்ததும் நம் வீட்டில் நிற்குமா என்பது அடுத்த கேள்வி. ஆரம்பத்தில் நான் ஒரு கோனியோபோரா வாங்கினேன், கடலிலிருந்து வந்தது. பூங்கொத்து மாதிரி நீண்ட பாலிப்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் 24 உணர்கொம்புகள், தண்ணீர் ஓட்டத்தில் ஆடிக்கொண்டே இருக்கும். எண்ணிப் பார்த்திருக்கிறேன். முதல் இரண்டு மாதம் அருமை. மூன்றாவது மாதம் ஒரு ஓரத்தில் பாலிப்கள் பாதி மட்டும் நீண்டன. அப்புறம் அந்த ஓரத்தில் வெறும் எலும்பு, அதன்மேல் பச்சைப் பாசி. எட்டாவது மாதம் கடைசிப் பாலிப்பும் திறக்கவில்லை. கடலிலிருந்து வந்த கோனியோபோரா இப்படி மெல்ல மெல்லச் சாவதற்குப் பெயர்போனது என்பது எனக்கு அப்போது தெரியாது, விற்றவரும் சொல்லவில்லை. தொட்டியிலேயே வெட்டி வளர்த்த கோனியோபோரா துண்டுகள் இப்போது பல பேரிடம் வருஷக்கணக்கில் நன்றாக இருக்கின்றன. அதே பேர், அதே அழகு, வந்த வழி மட்டும் வேறு.

அப்படியானால் கடலில் எடுப்பதே கூடாதா?

இங்கே நான் பலரோடு முரண்படுவேன். 2003ல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் உலக இயற்கைப் பாதுகாப்புக் கண்காணிப்பு மையம் வெளியிட்ட அறிக்கை, தொட்டி வணிகத்தில் ஆண்டுக்கு 1 கோடியே 10 லட்சம் முதல் 1 கோடியே 20 லட்சம் வரை கல் பவளத் துண்டுகள் கைமாறுவதாக மதிப்பிட்டது. பழைய கணக்கு, சின்ன எண்ணும் இல்லை. ஆனால் பவளத் திட்டுகளை இன்று கூட்டம் கூட்டமாகக் கொல்வது சூடாகும் கடல்தான். 1998, 2010, 2014 முதல் 2017 வரை என்று உலகளாவிய வெளிறல் வந்தது. நான்காவது நடந்துகொண்டிருப்பதாக 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. அதற்குப் பக்கத்தில் உளியும் கூடையும் சிறியவை. சாலமன் தீவுகளில் வெற்றிலையோடு போடும் சுண்ணாம்புக்காகக் கிளைப் பவளத்தை எடுத்துச் சுடுகிறார்கள். அந்தப் பவளம் எந்தத் தொட்டிக்கும் போவதில்லை.

சிறியது என்பதால் பரவாயில்லை என்று சொல்ல வரவில்லை. ஏற்கெனவே காய்ச்சலில் கிடப்பவரிடமிருந்து ரத்தம் எடுக்கலாமா என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. ஒரு திட்டு வெளிறி எழுந்துவரும் வருஷத்தில், சூட்டைத் தாங்கிப் பிழைத்த காலனிகளை உடைத்து எடுப்பது, மற்ற வருஷங்களில் எடுப்பதைவிடப் பல மடங்கு கேடு என்பது என் எண்ணம்.

ஆனால் எடுக்கிறவர்களையும் பார்க்க வேண்டும். பவளத் திட்டை ஒட்டி வாழும் பல ஊர்களில் காசு வரும் வழிகள் குறைவு. உயிருள்ள பவளம் வருமானம் தருகிறது என்றால் அந்தத் திட்டில் மீன் பிடிக்க வெடி வைக்க விடாமல் பார்த்துக்கொள்ள ஊராருக்கே ஒரு காரணம் கிடைக்கிறது. 2018ல் இந்தோனேசியா பவள ஏற்றுமதியை நிறுத்தியபோது கடல் பண்ணையில் வளர்த்த பவளமும் சேர்ந்தே நின்றுபோனது. 2020ல்தான் பண்ணைப் பவளங்களுக்குத் திரும்ப வழி திறந்தது. அந்த இடைக்காலத்தில் அடிபட்டவர்கள், எடுப்பதை விட்டு வளர்ப்புக்கு மாறியிருந்தவர்களும்தான்.

ஒழுங்காக நடத்துகிற இடங்களும் உண்டு. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் உரிமம் பெற்ற முக்குளிப்பவர்கள் கையால் எடுக்கிறார்கள், மொத்தத்துக்கு ஆண்டுக்கு 200 டன் என்று உச்சவரம்பு இருந்துவந்திருக்கிறது. அங்கே இருக்கும் கிரேட் பேரியர் ரீஃப் என்ற பெருந்திட்டின் பரப்போடு பார்த்தால் அது கொஞ்சம்தான். இருந்தாலும் முன்னால் சொன்ன அதே சிக்கல் இங்கேயும் எட்டிப் பார்க்கிறது: டன் கணக்கு, எந்த வகை எவ்வளவு போனது என்று சொல்லாது. அதனால்தான் பிற்பாடு சில வகைகளுக்குத் தனித்தனி வரம்பு வைக்க வேண்டியதாயிற்று.

ஆக, வேகமாக வளரும் கிளைப் பவளத்தில் ஒரு பகுதியை மட்டும் ஒடித்து, தாயை விட்டுவிட்டு, வரம்புக்குள் எடுப்பது ஒன்று. மெதுவாக வளரும் தனி வீட்டுப் பவளத்தை முழுசாக எடுப்பது இன்னொன்று. இரண்டுக்கும் ‘கடலில் எடுத்தது’ என்று ஒரே சீட்டுதான் ஒட்டுகிறார்கள்.

தொட்டிப் பவளத்துக்கும் விலை உண்டு

தொட்டியில் வளர்ப்பது கடலைத் தொடாமல் இருக்கலாம், மற்றவற்றைத் தொடாமல் இல்லை. விளக்கு தினமும் பல மணி நேரம் எரிய வேண்டும், மோட்டார், சூடேற்றி அல்லது குளிரூட்டி ராப்பகலாக ஓட வேண்டும். அந்த மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தால், கடலைச் சூடாக்கும் கணக்கில் அதுவும் ஒரு வரி.

இன்னொன்று, பணம் எங்கே போகிறது. ஒரு தீவுக்காரர் முக்குளித்து எடுத்த துண்டு, தொலைதூர நகரத்தில் யாரோ ஒருவரின் கிடங்கில் நூறாகப் பெருகி விற்கிறது. அந்த நூறில் தீவுக்குப் போவது ஒன்றுமில்லை. கடலில் எடுப்பதை நிறுத்தச் சொல்கிறோம், சரி, அந்த ஊருக்குப் பதிலுக்கு என்ன என்று யாரும் பேசுவதில்லை. நேர்மையாக நடத்தும் கடல் பண்ணைப் பவளத்தை, தாய்க் காலனி பண்ணையிலேயே இருந்தால், தொட்டிப் பவளத்துக்கு மேலே வைக்கலாமா என்று நான் யோசிப்பது இதனால்தான். அங்கே வெயிலே விளக்கு, அலையே மோட்டார், கூலியும் ஊருக்குள் தங்குகிறது.

தொட்டிப் பவளம் கடல் திட்டுகளைக் காப்பாற்றும் என்ற பேச்சையும் அளந்துதான் ஏற்க வேண்டும். புதிதாக எடுப்பதைக் குறைக்கிறது, அது உண்மை. ஆனால் ஒரே நகல் ஆயிரம் தொட்டியில் இருந்தாலும் மரபில் அது ஒரே உயிர்தான். ஒரு திட்டு நோயையும் சூட்டையும் தாங்க வேண்டுமானால் ஆயிரம் வேறு வேறு உயிர்கள் வேண்டும்.

சான்றிதழ் என்ன சொல்கிறது

கல் பவளங்கள் நாடு விட்டு நாடு போக சைட்டீஸ் அனுமதி வேண்டும். அழியும் நிலைக்கு வரக்கூடிய உயிரினங்களின் சர்வதேச வணிகத்தை ஒழுங்குபடுத்தும் ஒப்பந்தம் அது, 1975ல் நடைமுறைக்கு வந்தது. கல் பவளங்கள் அதன் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. அதாவது வணிகத்துக்குத் தடையில்லை. ஆனால் இந்த ஏற்றுமதியால் அந்த இனத்தின் பிழைப்புக்குக் கேடில்லை என்று அனுப்பும் நாடு கண்டறிந்து சொல்ல வேண்டும்.

அனுமதிச் சீட்டில் வந்த வழியைக் குறிக்க ஓர் எழுத்து இருக்கும். ‘டபிள்யூ’ என்றால் கடலிலிருந்து. ‘எஃப்’ என்றால் வளர்ப்பில் உருவானது, ஆனால் முழு வளர்ப்பினம் என்ற இலக்கணத்தை எட்டாதது. பண்ணைத் துண்டுகள் பல இதில் வரும். ‘சி’ என்றால் அந்த இலக்கணத்தையும் எட்டியது. இதுவரை நாம் பேசிய தலைமுறைக் கணக்கு ஏதோ ஓர் அளவுக்கு இந்த ஒற்றை எழுத்தில் இருக்கிறது. ஆனால் கடை வரை வரும்போது அந்த எழுத்து பெரும்பாலும் தொலைந்துவிடுகிறது.

ஓட்டைகளும் உண்டு. பல பவளங்களை இனம் வரை பிரித்தறிவது நிபுணருக்கே கஷ்டம் என்பதால் பேரினப் பெயரோடு நின்றுகொள்ள அனுமதி இருக்கிறது. அக்ரோபோரா என்ற ஒரு பெயருக்குள் நூறுக்கு மேற்பட்ட இனங்கள் அடங்கும். தோல் பவளம், சோவாந்திட், காளான் பவளம் எல்லாம் பட்டியலிலேயே இல்லை. ஆகவே சான்றிதழ் இருக்கிறது என்றால் சட்டப்படி வந்தது என்று அர்த்தம். நியாயமாக வந்ததா என்பதை நாம்தான் பார்க்க வேண்டும். சில நாடுகளில் கல் பவளம் வைத்திருப்பதே குற்றம், அதனால் முதலில் உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடியைத் திருப்பிப் பாருங்கள்

கடைக்காரர் சொல்லாததைப் பவளத்தின் அடி சொல்லும். பக்கவாட்டில் குனிந்து பாருங்கள், முடிந்தால் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள்.

தொட்டியில் நின்று வளர்ந்த ஃபிராக்கில் பசை தெரியாது. சதை பிளக்கின் மேல் வழிந்து, ஓரத்தில் வெளிறிய மெல்லிய விளிம்பாகப் படர்ந்திருக்கும். அந்த விளிம்புதான் புதிதாக வளரும் இடம். கடல் பண்ணையில் வந்ததில் தடித்த சிமெண்ட் வில்லை இருக்கும், அதில் ஊதா நிறப் பவளப்பாசி, குட்டிக் குழாய்ப்புழுக்கள், சில சமயம் துண்டைக் கட்டிய தூண்டில் நரம்பின் மிச்சம். கடலில் உடைத்ததன் அடி கரடுமுரடாக இருக்கும். துளையிடும் கடற்பஞ்சு, சிப்பி, கொட்டலசு ஏதாவது ஒட்டியிருக்கும், உடைந்த முகம் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். வெட்டி ஒட்டிய அவசரத் துண்டில் பிளக் புத்தம் புதுசாக இருக்கும், பசை வெள்ளையாக வழிந்திருக்கும், வெட்டு முகத்தில் இன்னும் சதை மூடியிருக்காது.

கேள்வியையும் மாற்றிக் கேளுங்கள். வளர்த்ததா என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "இதன் தாய் இப்போது எங்கே இருக்கிறது?" என்று கேளுங்கள். தொட்டியைக் காட்டினால் நல்லது. "எப்போது வெட்டினது?" என்பது அடுத்தது. இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் நான் வாங்குவதில்லை. ஸ்கோலிமியாவை நான் இப்போது அடியோடு விட்டுவிட்டேன். ஆசை போகவில்லை, பார்க்கும்போதெல்லாம் கை பரபரக்கிறது.

ஏற்கெனவே கடல் பவளம் வீட்டில் இருந்தால்

தூக்கிப் போடவும் வேண்டாம், குற்ற உணர்ச்சியில் கடலில் விடவும் வேண்டாம். இரண்டாவது மிகவும் ஆபத்து. உனோமியா ஸ்டோலோனிஃபெரா என்ற இந்தோ-பசிபிக் மென்பவளம் வெனிசுவேலாக் கரையோரத்தில் பரவி, அங்கிருந்த பவளங்களையும் கடற்புல்லையும் மூடிக்கொண்டிருக்கிறது. அலங்காரத் தொட்டி வணிகம் வழியாகத்தான் அது அங்கே வந்ததாகக் கருதப்படுகிறது.

அதை நன்றாக வாழவையுங்கள். வெட்டக்கூடிய வகை என்றால், உடம்பு தேறி, நன்றாகப் படரத் தொடங்கிய பிறகு, ஒரு துண்டை வெட்டி ஒட்டுங்கள். கொடுப்பதற்கு முன் இரண்டு மூன்று மாதம் வளரவிடுங்கள், பசை சதைக்கடியில் மறையும் வரை. கொடுக்கும்போது ஒரு காகிதத்தில் தாய் எங்கிருந்து வந்தது, எந்த வருஷம், நீங்கள் வெட்டியது எந்தத் தேதி என்று எழுதிக் கொடுங்கள். நான் பிளக்கின் அடியிலேயே பென்சிலால் ஓர் எண் எழுதிவிடுவேன், விவரம் நோட்டில் இருக்கும். வாங்கிப் போனவர் அடுத்தவருக்குக் கொடுக்கும்போது எண்ணோடு ஒரு கோடு சேர்த்துக்கொள்வார். என்னிடமிருந்து போன ஒரு மான்டிபோராவில் இப்போது நான்கு கோடு.